புள்ளி பிள்ளைக்கு, பில் யாருக்கு? மாணவர் கடனட்டை: சந்தேகங்களும் விளக்கங்களும்

கம்பஸ் போகும் பிள்ளைக்குக் கடனட்டை எடுத்துக் கொடுக்கலாமா, எடுத்தால் எந்த வங்கியின் அட்டையில் சலுகை கூட என்ற பேச்சு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வீடுகளில் இப்போது அடிக்கடி எழுகிறது. பிள்ளைகள் பொயின்ட்ஸைப் பற்றிக் கேட்கிறார்கள். பெற்றோர் கடனைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டு பக்கமும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம்.

நான் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். மாணவர்களுக்கென்றே பொயின்ட்ஸ் தருகிற கிரெடிட் கார்ட் இலங்கையில் கிடைக்குமா?

இணையத்தில் தேடினால் வருகிற ‘மாணவர் கடனட்டை’ பெரும்பாலும் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ உரியது. அமெரிக்காவிலேயே 2009இல் வந்த சட்டத்தின்படி, 21 வயதுக்குட்பட்டவர் சொந்த வருமானத்தைக் காட்ட வேண்டும், இல்லையேல் இன்னொருவர் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும். கடன்பட்ட மாணவர்களின் கதைகள் பெருகியதால்தான் அந்தக் கட்டுப்பாடு வந்தது.

இங்கே வங்கி கேட்பது சம்பளச் சிலிப்பும் வங்கிக் கணக்குக் கூற்றும். 18 வயது நிரம்பியிருந்தால் மட்டும் போதாது, ஒழுங்கான மாத வருமானம் வேண்டும். மஹாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதைச் சம்பளமாகக் கருதி எந்த வங்கியும் கடனட்டை தராது. ‘இளைஞர் அட்டை’ என்று விளம்பரம் செய்யப்படுபவற்றில் பல, உங்கள் கணக்கில் உள்ள பணத்தை மட்டும் எடுக்கும் டெபிட் கார்ட்கள்.

ஆகவே மாணவருக்கு உள்ள வழிகள் சில. தாய் தந்தையின் அட்டையோடு சேர்ந்த மேலதிக அட்டை ஒன்று. நிலையான வைப்பைப் பிணையாக வைத்து எடுக்கும் அட்டை இன்னொன்று. கணினித் துறை, கணக்கியல் பிள்ளைகளைப் போல பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் எடுப்பவர்கள் சொந்தமாகவே விண்ணப்பிக்கலாம்.

என் விருப்பத்தைக் கேட்டால், வீட்டில் வசதி இருந்தால் நிலையான வைப்பு வழியைச் சொல்வேன். வைப்புக்கு வட்டி வந்துகொண்டிருக்கும். வைப்புத் தொகையில் ஒரு பங்குதான் கடன் எல்லையாகக் கிடைக்கும். எல்லை சிறிதாக இருப்பது முதல் அட்டைக்கு நல்லது. ஒன்றை மட்டும் விளங்கிக்கொள்ளுங்கள்: பில் கட்டாவிட்டால் வங்கி அந்த வைப்பில் கை வைக்கும்.

அப்பாவின் கார்ட்டில் எனக்கு மேலதிக கார்ட் எடுத்தால், பில் யார் கட்ட வேண்டும்?

வங்கி முதலில் தேடி வருவது அப்பாவைத்தான். அட்டையில் உங்கள் பெயர் அச்சாகியிருக்கும், கையொப்பம் உங்களுடையதாக இருக்கும். ஆனால் கடன் எல்லை அவருடையது, பில்லும் அவர் பெயருக்கே வரும். நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளின் கடையும் தொகையும் அதில் இருக்கும். இதை முன்கூட்டியே வீட்டில் பேசித் தெளிவாக்காமல் அட்டை எடுத்ததால் மனத்தாங்கல் வந்த குடும்பங்கள் உண்டு.

மேலதிக அட்டைக்குத் தனி எல்லை வைக்கும்படி வங்கியிடம் கேட்கலாம். கேட்டால்தான் வைப்பார்கள். கேட்காவிட்டால் பிள்ளையின் கையில் இருப்பது தகப்பனின் முழு எல்லையும். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் குறுஞ்செய்தி அப்பாவின் கைபேசிக்கும் வரும்படி செய்துகொள்ளுங்கள். பிள்ளையை நம்பாததால் அல்ல. அட்டை தொலைந்தால் முதலில் தெரியவருவது அந்தக் குறுஞ்செய்தியால்தான்.

சில கார்ட் பொயின்ட்ஸ் தருகிறது, சில கேஷ்பெக், சில சுப்பர்மார்க்கட்டில் கழிவு. மாணவருக்கு எது இலாபம்?

முதலில் இந்தப் பரிசுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீங்கள் அட்டையைக் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் தன் வங்கிக்கு அந்தப் பில்லில் ஒரு தரகு கொடுக்கிறார். அதில் ஒரு பங்கு உங்கள் அட்டையை வழங்கிய வங்கிக்குப் போகிறது. பில்லை முழுதாகக் கட்டாதவர்களின் வட்டியும் அந்த வங்கிக்குத்தான். இந்த இரண்டிலிருந்தும் ஒரு சிறு துண்டுதான் புள்ளியாக உங்களிடம் திரும்புகிறது.

ஒரு கணக்கு போடுவோம். மாதம் 30,000 ரூபா அட்டையில் செலவழிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாவுக்கு ஒரு புள்ளி, ஒரு புள்ளியின் பெறுமதி 50 சதம் என்றால், மாதம் 300 புள்ளி, அதாவது 150 ரூபா. வருடத்துக்கு 1,800 ரூபா. அந்த அட்டையின் வருடாந்தக் கட்டணம் 2,500 ரூபா என்றால் 700 ரூபா கைநட்டம். அதே செலவுக்கு ஒரு சதவீதம் காசாகத் திருப்பித் தரும் அட்டை 3,600 ரூபா தரும். இவை உதாரணத் தொகைகள். ஆனால் விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் இதே கணக்கை அந்த வங்கியின் உண்மையான எண்களைப் போட்டுச் செய்து பாருங்கள். வங்கி அலுவலரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை புள்ளி?’ என்பதல்ல. ‘ஆயிரம் புள்ளி எத்தனை ரூபா, அது எப்போது காலாவதியாகும், வருடாந்தக் கட்டணத்தை எவ்வளவு செலவழித்தால் விடுவீர்கள்?’ என்று கேளுங்கள்.

சுப்பர்மார்க்கட் கழிவு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். வாரத்தில் குறித்த ஒரு நாளில், குறைந்தது இவ்வளவு ரூபாவுக்கு வாங்கினால், உச்சமாக இவ்வளவு வரை என்று அதற்கு எல்லைகள் உண்டு. வீட்டு மாதச் சாமானை எப்படியும் அந்த நாளில் வாங்கும் குடும்பத்துக்கு இது உண்மையான இலாபம், கொழும்பில் இருக்கும் சலுகைகளில் நான் மதிக்கிற ஒன்றும் இதுதான். வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு அது எதற்கு? அவர்களுடைய செலவில் பெரும்பகுதி அறை வாடகை, சாப்பாட்டுப் பார்சல், பஸ் காசு, போட்டோகொப்பி. இவை பெரும்பாலும் காசாகத்தான் போகின்றன. கழிவுக்காக 5,000 ரூபா பில்லை எட்டிப்பிடிக்கத் தேவையில்லாத பொருளைக் கூடையில் போடுகிற கணமே சலுகை முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்கிகள் அறிவிக்கும் கழிவுகளில் பல டெபிட் கார்ட்டுக்கும் உண்டு. கீல்ஸின் நெக்சஸ் போன்ற கடைப் புள்ளி அட்டைகளுக்குக் கடனே தேவையில்லை. பரிசுக்காக மட்டும் என்றால், பல மாணவர்களுக்கு இவையே போதும்.

பில்லில் ‘ஆகக்குறைந்த தொகை’ என்று ஒன்று போடுகிறார்கள். அதைக் கட்டினால் பிரச்சினை இல்லைதானே?

தாமதக் கட்டணம் வராது, வட்டி வரும். கடனட்டையில் சிக்கிய மாணவர்களும் இளம் ஊழியர்களும் பெரும்பாலும் சறுக்கியது இந்த இடத்தில்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

50,000 ரூபா நிலுவை, வருட வட்டி 26 சதவீதம், ஆகக்குறைந்த தொகை நிலுவையில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாத வட்டி மட்டும் ஏறக்குறைய 1,080 ரூபா. நீங்கள் கட்டுகிற 2,500 ரூபாவில் அரைவாசிக்குக் கொஞ்சம் குறைவு வட்டிக்கே போய்விடும். அதற்குப் பிறகு அந்த அட்டையில் ஒரு தேநீர்கூட வாங்காமல், மாதாமாதம் ஆகக்குறைந்த தொகையை மட்டும் ஒழுங்காகக் கட்டி வந்தால், இரண்டு வருடம் கழித்து நீங்கள் கட்டிய மொத்தம் சுமார் 44,000 ரூபா. இன்னும் கட்ட வேண்டியது 24,000 ரூபாவுக்கு மேல். அந்த 50,000 ரூபாவுக்கு வந்த புள்ளிகளின் பெறுமதி, மேலே போட்ட கணக்கின்படி, 250 ரூபா.

முழுப் பில்லையும் உரிய திகதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. கூற்று வெளியாகும் நாளுக்கு மறுநாள் வாங்கிய பொருளுக்குச் சுமார் 50 நாள் வரை அவகாசம் கிடைக்கும், கூற்றுக்கு முதல்நாள் வாங்கியதற்கு அதில் அரைவாசிக்கும் குறைவு. ஆனால் ஒரு மாதம் நிலுவை வைத்தீர்களானால், புதிதாக வாங்குவதற்கும் அந்த அவகாசம் பொதுவாக இல்லாமல் போகும். வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏரிஎம்மில் அட்டையைப் போட்டுக் காசு எடுத்தாலும் அப்படித்தான். முதல் நாளிலிருந்து வட்டி, மேலே ஒரு கட்டணம், புள்ளி கிடையாது. நண்பனுக்குக் கைமாற்றுக் கொடுக்க அட்டையில் காசு எடுப்பதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம்.

வட்டி வீதம் கையெழுத்து வைத்த நாளில் இருந்தபடியே இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சவரம்பு விதித்தது. 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்தபோது, ஏப்ரலில் உச்சவரம்புகள் நீக்கப்பட்டன. அந்த வருடம் முடியுமுன் பல வங்கிகளில் கடனட்டை வட்டி 36 சதவீதம். அதே மாதங்களில்தான் அரிசி, எரிபொருள், மருந்து எல்லாம் விலையேறின. 18 சதவீதம்தானே என்று நிலுவை வைத்திருந்த குடும்பங்கள், கையில் காசு இல்லாத வேளையில், அதே கடனுக்கு இரண்டு மடங்கு வட்டி கட்ட நேர்ந்தது.

2023 ஓகஸ்டில் மத்திய வங்கி மறுபடி உச்சவரம்பு விதித்தபோது, நகை அடகுக்கு 18 சதவீதம், கடனட்டைக்கு 28 சதவீதம் என்று வகுத்தது. நம்முடைய வீடுகளில் தாலிக்கொடியை அடகு வைப்பதென்றால் அயலாருக்குத் தெரியக்கூடாது என்று மறைப்போம். கடனட்டையை மேசையில் எடுத்து வைப்பதைக் கௌரவமாக நினைப்போம். அந்த உச்சவரம்பு ஆணையைப் படித்துப் பார்த்தால், இரண்டில் கூடிய வட்டி அனுமதிக்கப்பட்டது எதற்கென்று தெரிகிறது. நகையை வைக்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. கடனட்டை நிலுவையும் கடன்தான், அதுவும் விலைகூடிய கடன் என்பதை வீட்டில் எல்லோரும் அறிய வேண்டும்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸாவில் மடிகணினி பார்த்தோம். வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டலாம் என்கிறார்கள். நம்பலாமா?

நம்பலாம், ஆனால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு: ‘கையில் காசு தந்தால் என்ன விலை?’ மடிகணினி 240,000 ரூபா, மாதம் 20,000 வீதம் 12 தவணை என்று சொல்லும் கடை, காசுக்கு 230,000 என்று சொன்னால், அந்தப் பத்தாயிரம்தான் வட்டி. கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு ஏறக்குறைய 8 சதவீதம் வரும். அது மோசமான வட்டி இல்லை. படிப்புக்கு மடிகணினி கட்டாயம், கையில் முழுத்தொகையும் இல்லை என்றால், கடனட்டையில் மாணவருக்கு உண்மையிலேயே பயன்படுகிற இடம் இது என்றே சொல்வேன்.

கவனிக்க வேண்டியது, முழு 240,000 ரூபாவும் முதல் நாளே உங்கள் கடன் எல்லையிலிருந்து பிடிக்கப்படும். தவணை கட்டக் கட்டத்தான் எல்லை திறக்கும். தவணைத் தொகை மாதாந்தப் பில்லோடு சேர்ந்தே வரும். பில்லை முழுதாகக் கட்டாமல் விட்டால் அந்தத் தவணைக்கும் சாதாரண வட்டி விழும். தவணைத் திட்டத்துக்குச் சேவைக் கட்டணம் உண்டா, தவணைக்கு வாங்கியதற்குப் புள்ளி உண்டா என்று வங்கியிடம் கேளுங்கள், கடைக்காரரிடம் அல்ல.

புறக்கோட்டையில் சில கடைகளில் கார்ட் என்றால் 3 சதவீதம் கூட்டிக் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வங்கிக்குத் தான் கொடுக்கும் தரகை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்பது வர்த்தகர் வங்கியோடு செய்துகொண்ட உடன்படிக்கை. மத்திய வங்கியும் இதைப் பொதுமக்களுக்கு அறிவித்திருக்கிறது. பில்லில் அந்தத் தொகையைக் காட்டும்படி கேளுங்கள், உங்கள் அட்டையை வழங்கிய வங்கியிடம் முறையிடுங்கள். கடைக்காரர் பில் தர மறுத்தால், அந்தக் கடையில் அட்டையை எடுக்காதீர்கள். 3 சதவீதம் கொடுத்துவிட்டு அரைச் சதவீதப் புள்ளி வாங்குவதில் ஒன்றுமில்லை.

மகள் ஏசிசிஏ கணக்கியல் படிக்கிறாள். கட்டணம் பவுணில். வெளிநாட்டுச் செலவுக்கு இரட்டிப்புப் புள்ளி தரும் கார்ட் எடுக்கலாமா?

புள்ளி இரட்டிப்பாகலாம். பவுணை ரூபாவாக மாற்றும்போது வங்கி தன் மாற்று வீதத்தோடு ஒரு கட்டணம் சேர்க்கும், அரசின் முத்திரை வரியும் உண்டு. இவற்றைக் கூட்டினால் இரட்டைப் புள்ளியைவிடப் பெரிது. பரீட்சைக் கட்டணம் எப்படியும் அட்டையில்தான் கட்ட வேண்டும் என்றால், புள்ளியை மறந்துவிட்டு வெளிநாட்டுக் கட்டணம் குறைந்த அட்டையைத் தேடுங்கள். கட்டணத்தை உடனடியாகத் தீர்த்துவிடுங்கள். ரூபா எப்போது விழும் என்று சொல்ல முடியாது: 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவளவில் இருந்தது, மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. தவணை தவணையாகப் பவுணில் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு அந்தக் கணக்கு இன்னும் மறந்திருக்காது.

இதோடு ஒட்டிய ஒரு எச்சரிக்கை. கடனட்டையால் கிரிப்டோ நாணயம் வாங்க நம் நாட்டில் அனுமதியில்லை. ‘கார்ட்டில் போடு, ஒரு மாதத்தில் இரட்டிப்பாகும்’ என்று சக மாணவர் யாராவது சொன்னால், விலகி நில்லுங்கள்.

கனடாவில் இருக்கும் மாமா தன் கார்ட்டில் எனக்கு ஒன்று எடுத்து அனுப்புவதாகச் சொல்கிறார்.

மாமாவின் அன்பு பெரிது. ஆனால் நீங்கள் கொட்டாஞ்சேனையில் ரூபாவில் வாங்கும் ஒவ்வொன்றும் அவருக்கு வெளிநாட்டுச் செலவு. கனடிய வங்கிகளின் அட்டைகளில் பொதுவாக இதற்கு 2.5 சதவீதம் மேலதிகக் கட்டணம். அதோடு அந்த அட்டையை நீங்கள் எவ்வளவு ஒழுங்காகப் பாவித்தாலும் இலங்கையில் உங்கள் பெயரில் கடன் வரலாறு எதுவும் சேராது. அவர் மாதாமாதம் உங்கள் கணக்குக்கு நேரே பணம் அனுப்பட்டும், நீங்கள் டெபிட் கார்ட்டில் செலவழியுங்கள்.

‘கிரிப்பில் பெயர் விழுந்தால் வாழ்க்கை முடிந்தது’ என்கிறார்கள். உண்மையா?

கிரிப் என்று எல்லோரும் சொல்வது இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தை. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. அது கறுப்புப் பட்டியல் எதுவும் வைத்திருப்பதில்லை. நீங்கள் எடுத்த கடன், ஒழுங்காகக் கட்டியது, பிந்தியது எல்லாவற்றையும் பதிவு செய்கிறது. நல்லதும் பதிவாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கி அந்த அறிக்கையைப் பார்த்துத் தன் முடிவைத் தானே எடுக்கிறது.

மாணவருக்கு இது ஏன் முக்கியம் என்றால், பட்டம் முடித்து மூன்று நான்கு வருடத்தில் வீட்டுக் கடன், வாகன லீசிங், மேற்படிப்புக் கடன் என்று ஏதோ ஒன்றுக்குப் போவீர்கள். 21 வயதில் ஒரு சப்பாத்துச் சோடிக்காக மூன்று மாதம் பிந்தியது அப்போது மேசையில் கிடக்கலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பணம் கட்டிப் பெறலாம், தவறு இருந்தால் திருத்தும்படி கேட்கலாம். சிறிய எல்லையுள்ள ஒரே ஒரு அட்டையில் கைபேசிப் பில்லை மட்டும் போட்டு, மாதாமாதம் முழுதாகக் கட்டி வருகிற பிள்ளை, எந்தப் புள்ளியையும்விடப் பெறுமதியான ஒன்றைச் சேர்க்கிறது.

பல்கலைக்கழகக் கட்டணத்துக்காகக் கடனட்டையை நாடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அரச பல்கலைக்கழக அனுமதி கிடைக்காத தகுதியுள்ள மாணவர்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட தனியார் பட்டப்படிப்புகளுக்காக 2017இல் வட்டியற்ற மாணவர் கடன் திட்டம் தொடங்கப்பட்டது. உயர்கல்வி அமைச்சிடம் அதை விசாரித்த பிறகே வேறு கடனைப் பற்றி யோசியுங்கள்.

படிவம் முழுவதும் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு விளங்கவில்லை, வங்கிப் பிள்ளை ‘இங்கே கையெழுத்து வையுங்கள்’ என்றார்.

வைக்க வேண்டாம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் நீங்கள் விரும்பும் மொழியில் நிபந்தனைகளைப் பெறுவது உங்கள் உரிமை. 2011இல் மத்திய வங்கி வெளியிட்ட வாடிக்கையாளர் பட்டயத்தில் அது இருந்தது. 2023இல் வர்த்தமானியில் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதற்குச் சட்ட வலு கொடுத்தன. காலி வீதியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள கிளையில் தமிழ் தெரிந்த அலுவலர் பெரும்பாலும் இருப்பார். ‘தமிழில் தாருங்கள், வீட்டில் வாசித்துவிட்டு வருகிறோம்’ என்று சொல்வதில் கூச்சப்பட எதுவுமில்லை. தமிழில் கேட்பவர்கள் குறைந்தால் தமிழ்ப் படிவங்களும் மேசைக்கு வராமல் போய்விடும். அதனால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகளும் தாய் தந்தைக்காகத் தமிழ்ப் படிவம் கேட்டு வாங்குங்கள்.

முறைப்பாடு இருந்தால் முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்து இலக்கம் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம். தொலைபேசி 1935.

கார்ட் வேண்டாம் என்று முடிவு செய்தால், வெட்டிப் போட்டால் போதுமா?

போதாது. வெட்டிய அட்டைக்கும் வருடாந்தக் கட்டணம் விழும். கட்டாவிட்டால் அதற்கு வட்டியும், பிறகு கிரிப் பதிவும். முதலில் சேர்ந்த புள்ளிகளைப் பாவித்துவிடுங்கள், மூடியபின் அவை கிடைக்காது. அட்டையில் தன்னாலே கழியும் சந்தாக்களை நிறுத்துங்கள். மீதி தவணை இருந்தால் அதைத் தீர்க்கும் தொகையைக் கேட்டுக் கட்டுங்கள். எழுத்தில் விண்ணப்பித்து, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தை வாங்குங்கள்.

வங்கியே கைமாறினாலும் இந்த விசாரிப்பு வேண்டும். இலங்கையில் தன் சில்லறை வங்கிச் சேவையை நேஷன்ஸ் ட்ரஸ்ட் வங்கிக்கு விற்பதாக எச்எஸ்பிசி 2025 செப்டெம்பரில் அறிவித்தது. அந்த அட்டை வீட்டில் இருந்தால், புள்ளிகள், தவணைத் திட்டம், மேலதிக அட்டை மூன்றும் என்ன ஆகும் என்று இரு வங்கிகளிடமும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையை மூடியவர்கள், அதற்கான கடிதம் கிடைத்து இரண்டு மூன்று மாதம் கழித்து கிரிப் அறிக்கை ஒன்று எடுத்துப் பாருங்கள், அந்த அட்டைக்கு எதிரே நிலுவை பூச்சியம் என்று இருக்க வேண்டும்.